மைனா இருபத்தேழுக்கு ஆமென்

தாம்பரத்தில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டால், வண்டலூர் வருவதற்குள் தபீதாள் பதினெட்டு ஆமென் சொல்லி முடித்துவிடுவாள். வாயால் இல்லை, கட்டைவிரலால். செங்கல்பட்டு போகும் அந்தக் காலை ரயிலில் பூக்கட்டுகிறவர்கள் உண்டு, தூங்குகிறவர்கள் உண்டு, மாமியாரைப் போனில் வறுத்தெடுக்கிறவர்கள் உண்டு. தபீதாள் ஜெபிக்கிறவள்.

அவள் போனில் இருக்கும் ஜெப ஆப்புக்குப் பெயர் 'செவிகொடு'. சேலையூரில் அவர்கள் சபையின் வாலிபர் சங்கம் ஒன்றரை வருடத்துக்கு முன் ஆரம்பித்தது. பிள்ளைகள் மனதில் இருப்பதை யாரிடமும் சொல்வதில்லை, எந்நேரமும் போனிலேயே கிடக்கிறார்கள் என்று ஆளாளுக்குப் புலம்பிய ஒரு கூட்டத்தில், சரி, அந்தப் போனுக்குள்ளேயே நாமும் போய் உட்கார்ந்துகொள்வோம் என்று முடிவானது. காலையில் மனசு எப்படி இருக்கிறது என்று ஐந்து முகங்களில் ஒன்றைத் தொட வேண்டும். ஒரு வசனம் வரும். மூச்சை இழுத்து விடச் சொல்லும் இரண்டு நிமிட ஒலிப்பதிவு வரும். கடைசியில் ஜெபப் பலகை. யார் வேண்டுமானாலும் விண்ணப்பம் எழுதலாம், பெயர் தெரியாது. ஆப்பே ஒரு பறவைப் பெயரும் எண்ணும் கொடுத்துவிடும். குயில் 8, கொக்கு 31, இப்படி. படிக்கிறவர்கள் கீழே உள்ள பொத்தானைத் தொட்டால் ஒரு ஆமென் ஏறும். தபீதாள் போன்ற பொறுப்பாளர்கள் மட்டும் எழுதியவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பலாம், பதிலும் அந்தப் பறவைப் பெயரில்தான் வரும்.

பெயர் தெரியக் கூடாது என்று அடம்பிடித்தவள் தபீதாள்தான். "பேர் தெரிஞ்சா ஒருத்தரும் உண்மையை எழுத மாட்டாங்க. பரீட்சைக்கு ஜெபிங்கன்னு மட்டும்தான் வரும்" என்றாள். பொறுப்பாளர்கள் சொல்லும் ஆமென் மட்டும் பெயரோடு பொன்னிறத்தில் தெரிய வேண்டும், பெரியவர்களும் படித்தார்கள் என்றால் பிள்ளைக்குத் தெம்பாக இருக்கும் என்பதும் அவள் யோசனை. சொன்ன ஆமெனைத் திரும்ப எடுக்க வழியே இருக்கக் கூடாது என்றதும் அவளே. "ஆமென் சொல்லிட்டு வாபஸ் வாங்குறதா? ஆண்டவர் என்ன, ரிட்டர்ன் பாலிசியா வச்சிருக்கார்?" என்று கேட்டாள். கூட்டமே சிரித்தது. முப்பத்தொன்பது வயதில் வாலிபர் சங்கத்தில் அக்கா என்று கூப்பிடப்படும் பாக்கியம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. அவளும் கொஞ்சம் மிதப்பில்தான் இருந்தாள்.

மறைமலை நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் தமிழ் ஆசிரியை. அதனால் இன்னொரு வேலையும் அவள் தலையில் விழுந்திருந்தது. ஆப்பைச் செய்து கொடுத்த ஜோஸ்வின், சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன், அபாயமான சொற்களுக்கு ஒரு பட்டியல் கேட்டான். யாராவது அந்தச் சொற்களை எழுதினால் ஆப் உடனே பிடித்துக்கொண்டு உதவி எண்ணைக் காட்டும், பொறுப்பாளருக்கும் தகவல் போகும். தபீதாள் உட்கார்ந்து நாற்பத்திரண்டு சொற்கள் எழுதினாள். சாவு, அதன் எல்லா வேற்றுமைகளோடும் வினைமுற்றுகளோடும். வேலை என்றால் அப்படித்தான் செய்வாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, ரயில் பெருங்களத்தூரைத் தாண்டும்போது மைனா 27 எழுதியிருந்தது.

'ஆண்டவரே எனக்கு சீக்கிரம் இளைப்பாருதல் குடுங்க. இந்த வாரத்துக்குள்ள. எல்லாரும் ஜெபிங்க.'

"பாருதல் இல்லடா, பாறுதல். வல்லின று" என்று தபீதாள் மனதுக்குள் திருத்தினாள். அரையாண்டுத் தேர்வு நடக்கிறது, எந்தப் பிள்ளையோ களைத்துப் போயிருக்கிறது. ஆமென். கட்டைவிரல் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விட்டது.

மறுநாள் பதினொரு மணிக்கு ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது சபை வாட்ஸ்அப் குழுவில் ஒரு கார்டு வந்தது. பெருங்களத்தூரில் இருந்த ஒரு பெரியவர், எண்பத்தாறு வயது. 'இன்று காலை இளைப்பாறுதலுக்குள் பிரவேசித்தார்கள். அடக்க ஆராதனை மாலை மூன்று மணிக்கு.' அவர்கள் சபையில் யாரும் சாவதில்லை. கர்த்தருக்குள் நித்திரை அடைவார்கள், மகிமைக்குள் போவார்கள், இளைப்பாறுவார்கள். கார்டில் எழுத்துப் பிழை இல்லையே என்று திருப்தியோடு பார்த்த தபீதாளுக்கு அடுத்த நொடி மைனா 27 நினைவு வந்தது.

போனை எடுத்து மைனாவைத் தேடினாள். 'இந்த வாரத்துக்குள்ள.' கீழே ஐம்பத்து நான்கு ஆமென். முதல் ஆமென் பொன்னிறத்தில், தபீதாள் என்ற பெயரோடு.

அந்தச் சொல் பட்டியலில் ஒரு காலத்தில் இருந்தது. நாற்பத்து மூன்றாவதாக எழுதி, பிறகு அவளே அடித்துவிட்டாள். ஆபீஸ் அலுப்புக்கும் முட்டி வலிக்கும் இளைப்பாறுதல் கேட்கிற சபை இது. "இதைப் போட்டா பாதி சபையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும் ஜோஸ்வின்" என்று சிரித்தபடி அடித்தது இப்போது நன்றாக நினைவு வந்தது.

ஜோஸ்வினுக்குப் போன் போட்டாள். "யாருன்னு கண்டுபிடி."

"முடியாதுக்கா. நம்பர், மெயில் ஒண்ணுமே நம்ம சைடுல சேவ் ஆகாது. நீங்கதானே அப்படி வேணும்னீங்க?"

"நான் ஆயிரம் சொல்லுவேன். நீ எங்கயாவது வச்சிருப்பே இல்ல?"

"நிஜமா இல்லக்கா." அவன் குரல் சுருங்கியது. "வச்சிருந்தா சொல்ல மாட்டேனா?"

"சரி, அந்தப் போஸ்டை எடுத்துடு. ஆமென் ஏறிகிட்டே இருக்கு."

"எடுத்தா அந்தப் பிள்ளையோட பேசுற வழியே போயிடும். 'உங்கள் விண்ணப்பம் நீக்கப்பட்டது'ன்னு செவப்பு எழுத்துல போய் நிக்கும். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று எப்படிச் சொல்வாள். ஆமென் பொத்தானை மட்டுமாவது நிறுத்த முடியுமா என்றாள். நிறுத்தலாம், ஆனால் புது வெர்ஷன் எல்லார் போனிலும் ஏறுவதற்கு ஞாயிறு ஆகிவிடும் என்றான். பேசி முடிப்பதற்குள் ஐம்பத்தேழு. நல்ல பிள்ளைகள், தங்கமான பிள்ளைகள், இடைவேளையில் அடுத்தவருக்காக ஜெபிக்கிறார்கள். அவர்களைத் திட்டவும் முடியாமல், தடுக்கவும் முடியாமல் தபீதாள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உதவி எண்ணுக்கு அவளே போன் செய்தாள். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "சுத்தி வளைக்காதீங்க மேடம். நேராவே கேளுங்க. கேக்குறதால எண்ணம் வந்துடாது. யாருன்னு தெரிஞ்சா உடனே எங்களுக்குச் சொல்லுங்க, நாங்க பேசுறோம்."

யாருன்னு தெரிஞ்சா. தபீதாள் நன்றி சொல்லி வைத்தாள்.

நேராகவே கேட்டாள். 'மைனா, நான் தபீதாள் அக்கா. உனக்குச் சாகணும்னு தோணுதா?' என்று எழுதி அனுப்பினாள். போகவில்லை. திரையில் சூரியோதயப் படம் ஒன்று வந்து, 'நீங்கள் தனியாக இல்லை' என்றது. அதோடு அவள் போனே ஒருமுறை அதிர்ந்தது. பொறுப்பாளர் கவனத்துக்கு: கவலைக்குரிய செய்தி. அனுப்பியவர்: தபீதாள்.

சொல்லை மாற்றினாள். பிடித்துக்கொண்டது. வேறு விதமாக முடித்தாள். பிடித்துக்கொண்டது. ஒரு தமிழாசிரியை நாற்பத்திரண்டு சொல்லையும் விகுதி விடாமல் எழுதிக் கொடுத்திருக்கும்போது எப்படி நழுவ முடியும்? அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கடைசியில் உதவி எண்ணை மட்டும் தனியாக அனுப்பிவிட்டு, ஆப்புக்குப் பிடிபடாத அந்த ஒரே சொல்லை எடுத்தாள்.

'நீ கேக்குற இளைப்பாறுதல் எந்த இளைப்பாறுதல்மா?'

அன்று பதில் இல்லை. வியாழக்கிழமை காலை ரயில் பொத்தேரியில் நிற்கும்போது வந்தது.

'நீங்க ஆமென் போட்டீங்களே அக்கா. அதேதான்.'

பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் "தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். தபீதாள் எழுதினாள்: தெரியாமல் போட்டேன், படிக்காமல் போட்டேன், என் தப்பு, அதை ஆமென் என்று எடுத்துக்கொள்ளாதே, என்னோடு பேசு, எங்கே இருக்கிறாய் சொல், இப்போதே வருகிறேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கி, பிளாட்பாரத்திலேயே நின்று அடுத்த பதிலைப் படித்தாள்.

'திரும்ப எடுக்க முடியாதுன்னு ஆப்ல போட்டிருக்கே அக்கா.' பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம்.

அன்று மாலை அவள் செய்ததை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தலை நிமிராது. கையில் இருந்தது அந்த எழுத்துப் பிழை ஒன்றுதான். வாலிபர் சங்கத்து வேதத் தேர்வுத் தாள்கள் அலமாரியில் இருந்தன. எழுபத்து நான்கு தாள். இளைப்பாறுதல் வருகிற கேள்வியும் ஒன்று இருந்தது. கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நாற்பத்தோரு தாளில் 'பாருதல்'. ஒரு தலைமுறையே வல்லின றகரத்தைத் தொலைத்துவிட்டு நிம்மதியாக இருந்தது. மற்ற நாளாக இருந்தால் கோபப்பட்டிருப்பாள். இன்று அந்த நாற்பத்தோரு பெயரையும் எழுதி வைத்துக்கொண்டு, யார் சமீபத்தில் வாடிப்போயிருந்தார்கள் என்று யோசித்தாள். ஜெரூஷா. கல்லூரியில் இரண்டாம் வருடம். இரண்டு வாரமாகப் பாடகர் குழுப் பயிற்சிக்கு வரவில்லை.

ஆட்டோ பிடித்து ராஜகீழ்ப்பாக்கம் போனாள். கதவைத் திறந்தவர் ஜெரூஷாவின் அப்பா. "வாங்க டீச்சர்" என்று உட்கார வைத்தார். தபீதாளுக்குப் பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது. "செவிகொடு ஆப்ல ஒரு பொண்ணு, மைனான்னு… ஜெரூஷாவா இருக்குமோன்னு பயந்துட்டேன்."

உள்ளே இருந்து ஓடி வந்த ஜெரூஷா, "ஐயோ அக்கா, நான் மைனா இல்ல!" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நம்ப வைக்கிற அவசரத்தில், "நான் நாரை 14 அக்கா, வேணும்னா பாருங்க" என்று போனையும் நீட்டினாள்.

போனை வாங்கியது அவள் அப்பா. நாரை 14 என்ன எழுதியிருந்தது என்று தபீதாளுக்குத் தெரியும். அதற்கும் பொன்னிறத்தில் ஆமென் போட்டிருந்தாள். 'எங்க வீட்ல சத்தமே இல்லாத ஒரு நாள் வேணும் ஆண்டவரே. அப்பா வீட்டுக்கு வரும்போது எனக்கு வயிறு வலிக்குது.'

அவர் படித்தார். இரண்டு முறை படித்திருப்பார். சத்தம் போடவில்லை. போனைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றி டீச்சர். காபி சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். ஜெரூஷா தபீதாளைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. சுவரோரமாக ஒட்டி நின்றாள், அவ்வளவுதான்.

தபீதாள் நகரவில்லை. "அண்ணா, தப்பு என்னோடது. அவகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க" என்று கைகூப்பினாள். "என் பொண்ணுகிட்ட நான் எப்படிப் பேசணும்னு எனக்குத் தெரியும் டீச்சர்" என்றார் அவர். அம்மாக்காரி தலையைக் குனிந்தபடி காபி டம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள். தபீதாள் வெளியே வந்து வெகுநேரம் தெருமுனையில் நின்று காது கொடுத்துப் பார்த்தாள். ஒரு சத்தமும் கேட்கவில்லை. அது நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு பிள்ளையைத் தேடிப் போய் இன்னொரு பிள்ளையைக் காட்டிக்கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மைனாவிடம் என்னென்னவோ கேட்டாள். என்ன படிக்கிறாய், யார் என்ன சொன்னார்கள், அம்மாவிடமாவது சொல்லலாமா. எதற்கும் பதில் இல்லை. கடைசியாக, 'ஞாயிறு கோயிலுக்கு வருவியா?' என்று கேட்டதற்கு மட்டும், 'வருவேன் அக்கா' என்று வந்தது. அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் சனிக்கிழமை முழுவதையும் ஓட்டினாள்.

ஆயர் சாலமோன் விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். பிரசங்கத்திலேயே சொல்லிவிடலாம், எழுந்து நிற்கச் சொல்லலாம் என்றார். "ஐயா, வேணாம். நின்னுடுமா அந்தப் பிள்ளை? அடுத்த வாரம் கோயிலுக்கே வராது" என்றாள் தபீதாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்கம்மா. எனக்கும் தெரியலை. இருபத்தாறு வருஷ ஊழியத்துல எத்தனையோ பேரை அடக்கம் பண்ணியாச்சு. பிள்ளைங்களை அடக்கம் பண்ண என்னால முடியாது."

ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று எல்லாருக்கும் கை கொடுப்பது ஆயர் வழக்கம். இந்த ஞாயிறு அவருக்குப் பக்கத்தில் தானும் நிற்கிறேன் என்றாள். அவர் சரி என்றார். மைனாவுக்கு எழுதினாள்: 'நாளைக்கு நான் வாசல்ல நிப்பேன். எல்லார் கையையும் பிடிச்சு, எப்படி இருக்கேன்னு கேப்பேன். நல்லா இல்லக்கான்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் சொல்ல வேணாம். பிடிச்ச கையை நான் விட மாட்டேன்.'

'சரி அக்கா' என்று வந்தது. அவள் முழங்கால் போட்டு அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. பிரசங்கத்தில் ஒரு வரியும் அவள் காதில் ஏறவில்லை. ஒவ்வொரு பின்னந்தலையாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆசீர்வாதம் முடியுமுன்னே போய் வாசலில் நின்றுகொண்டாள்.

முதலில் வந்தவர்களை அவள் நன்றாகத்தான் பார்த்தாள். கையைப் பிடித்தாள், கண்ணைப் பார்த்தாள், கேட்டாள். "எப்படி இருக்கே ஹர்ஷா?" "நல்லா இருக்கேன் அக்கா." "எப்படி இருக்கே ஆஷா?" "சூப்பரா இருக்கேன் அக்கா, நீங்க?" பின்னால் கூட்டம் நெருக்கியது. வெயில் ஏறியது. மைக் சரியில்லை என்று சபை மூப்பர் ஒருவர் குறுக்கே வந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் முறையிட்டார். அவரிடம் தலையாட்டியபடியே கை கொடுத்தாள், கேட்டாள். நல்லா இருக்கேன் அக்கா. நல்லா இருக்கேன் அக்கா. ஜெரூஷா வீட்டார் வரவேயில்லை. ஈரக் கை, குளிர்ந்த கை, மருதாணிக் கை, பேனா மை ஒட்டிய கை. நல்லா இருக்கேன் அக்கா. நூற்று முப்பது கையாவது இருக்கும். ஒருவர்கூட நல்லா இல்லை என்று சொல்லவில்லை.

பைக்குகள் எல்லாம் கிளம்பிப் போயின. மனம் மாறிவிட்டதோ, தேறிவிட்டதோ என்று தபீதாளுக்கு ஒரு கணம் ஆசை வந்தது. அப்போதுதான் போன் அதிர்ந்தது.

'சொல்லத்தான் வந்தேன் அக்கா. நீங்க கேட்டதும் நல்லா இருக்கேன்னு வாயில வந்துடுச்சு. திருப்பி சொல்றதுக்குள்ள நீங்க அடுத்த ஆள் கைய பிடிச்சிட்டீங்க.'

அவள் கண்ணை மூடி யோசித்தாள். எந்தக் கை? யார் ஒரு நொடி கூடுதலாக நின்றது? மூப்பர் பேசிக்கொண்டிருந்தபோதா? அதற்கு முன்னாலா? ஒரு முகம்கூட வரவில்லை. பிடித்த கைகள் எல்லாம் ஒரே கையாகத்தான் இருந்தன.

'எந்த இடத்துல நின்னே? என்ன கலர் டிரஸ்? இப்ப எங்க இருக்கே? நான் வர்றேன்' என்று தப்பும் தவறுமாக அடித்து அனுப்பினாள்.

'பரவாயில்ல அக்கா. லைன் பெருசா இருந்துச்சு.'

அதற்குப் பிறகு அவள் அனுப்பிய எதற்கும் 'பார்க்கப்பட்டது' என்று வரவில்லை. 'நான் வாசல்லயே நிக்கிறேன், வா' என்று நாலு முறை அனுப்பினாள். மைனாவின் விண்ணப்பத்தின் கீழே எண்பத்தொன்பது ஆமென் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொண்ணூறு ஆனது.

கோயிலைப் பெருக்கிப் பூட்டுகிற அருள்மேரி சாவிக்கொத்தோடு வந்தாள். "இன்னா டீச்சர், அல்லாரும் பூட்டாங்க. கேட்டப் பூட்டிக்கவா?"

"பூட்டாதீங்க. இன்னும் ஒருத்தர் வரணும்."

"யாரு?"

"தெரியலை."

"பொண்ணா, புள்ளையா? அடையாளம் சொல்லு, நானும் பாக்குறேன்."

தபீதாள் வேளச்சேரி சாலையில் போய்க்கொண்டிருந்த ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்த்தபடி, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.